தீமையின் இருப்பிடம்

நோய் என்னும் தீமை அதை உண்டாக்கும் பொருளின் இயல்பிலேயே உறைந்திருக்கிறதா, இரண்டு உயிர்கள் எதிர்ப்படும் விதத்தில் பிறக்கிறதா என்னும் பழைய வினாவுக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில் வில்டபீஸ்ட் என்னும் மறிமான்களுக்கும் மசாய் மக்களின் மாடுகளுக்கும் இடையே நிகழ்வது கடுமையான ஓர் உரைகல். வில்டபீஸ்ட்டின் உடலில் ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று வாழ்கிறது. ஒருமுறை புகுந்த உடலை விட்டு நீங்காமல் வாழ்நாள் முழுதும் அதனுள் ஒடுங்கிக் கிடப்பது அக்குடும்பத்தின் பொது இயல்பு. பிறந்த சில மாதங்களுக்குள் கன்றுகளில் பெரும்பாலானவை அதைப் பெற்றுவிட்டாலும் நோயுறுவதில்லை. அதே வைரஸ் மாட்டை அடைந்தாலோ கடுங்காய்ச்சல் காண்கிறது. மூக்கிலிருந்து கெட்டியான சளி வடிந்து பொருக்குத் தட்டுகிறது. கருவிழியின் விளிம்பில் தொடங்கும் வெண்படலம் உள்நோக்கிப் பரவிப் பார்வையை மறைக்கிறது. நோய் வெளிப்பட்ட மாடு பிழைப்பது அரிது.

ஹெர்ப்பிஸ் வைரஸ்கள் பெரும்பாலும் தாம் குடியிருக்கும் விலங்கினத்தோடு சேர்ந்தே கிளைபிரிந்து வந்தவை என்பதால், நெடுங்காலம் பழகிய உடலில் அடங்கியிருக்கின்றன. செம்மறியாட்டில் இதன் நெருங்கிய உறவான மற்றொரு வைரஸும் அவ்வாறே தீங்கின்றி வாழ்ந்து, மாட்டுக்குத் தாவும்போது இதே நோயைத் தருகிறது. தீமை என்பது தனிப்பொருளன்று, இருக்க வேண்டிய நன்மையின் குறைவே என்றார் அகஸ்தீன்; ஆனால் இந்த வைரஸிடம் குறை எதுவும் இல்லை. மாட்டின் நலத்தில்தான் குறை நேர்கிறது என்று அவர் சார்பில் சொல்லலாம் என்றாலும், அது விளைவுக்குப் பெயரிடுகிறதே தவிர அது வந்த வழியை விளக்குவதில்லை. பிளையன்பெர்க் என்பவருக்கு 1665இல் எழுதிய கடிதத்தில், ஆதாம் உண்ட கனியை நஞ்சோடு ஒப்பிட்டு, கேடு என்பது ஒவ்வாத இரண்டு இயல்புகளின் சேர்க்கை எனக் காட்டிய ஸ்பினோசாவே இங்குப் பொருந்துகிறார்.

எனினும் அவருடைய விளக்கம் மாட்டின் வேதனையைத் துளியும் குறைப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஒன்றின் சாவு மற்றொன்றின் வாழ்வு என்று இயற்கையின் கொடுமைக்குச் சொல்லப்படும் வழக்கமான சமாதானமும் இங்கே செல்லாது. இந்நோய் மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவுவதில்லை ஆதலால், அச்சாவினால் வைரஸுக்கும் பயன் இல்லை. எவருக்கும் உதவாத துன்பம் அது. இறைவனின் நீதியை நிலைநாட்ட முயலும் எந்த மெய்யியலும் முதலில் விடை சொல்ல வேண்டியது இத்தகைய துன்பத்துக்கே.

வில்டபீஸ்ட் கன்று ஈனும் பருவத்தில் அந்தச் சிறந்த மேய்ச்சல் நிலத்தையே விட்டு மாடுகளை விலக்கி ஓட்டிச் செல்வது மசாய் மரபு. அவர்கள் அறிந்திருந்த தொடர்பை 1960இல் வால்டர் பிளௌரைட்டும் உடன் ஆய்ந்தோரும் வில்டபீஸ்ட்டிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து உறுதிசெய்தனர். மாடுகளைத் தாக்கும் வேறொரு நோயான வெக்கை நோயை 2011இல் உலகிலிருந்தே ஒழிக்க உதவிய தடுப்பூசியை உருவாக்கியவரும் அவரே. மாடுகளுக்குப் போட்ட தடுப்பூசியால் வெக்கை நோய் செரங்கெட்டியின் காட்டு விலங்குகளிடமிருந்தும் அகன்றபோது, 1961இல் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1977க்குள் பதின்மூன்று லட்சம் அளவுக்குப் பெருகியது. மாட்டைக் காத்த அச்செயலைப் பிழை என்று எவரும் கூற முடியாது. ஆனால் அதன் பயனாகவே ஒவ்வாத சந்திப்புக்கான வாய்ப்பும் பெருகி, நல்ல புல்லைத் துறந்து ஆண்டுதோறும் இடம்பெயரும் சுமை மசாய் மேய்ப்பர்கள்மேல் கூடியது.