சும்மாவா கொடுக்கிறோம்?

தாயில்பட்டியிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு சின்னதாக ஒரு கணினி நிரல் எழுதினாள். அவளுடைய அம்மா வீட்டில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுபவர். கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144. சரக்கெடுக்க வருகிறவரின் நோட்டில் இருக்கும் எண்ணிக்கையும் அம்மா சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போவதே இல்லை. உருட்டியது எவ்வளவு, கழிவென்று தள்ளியது எவ்வளவு, முன்பணத்துக்குப் பிடித்தது எவ்வளவு, கைக்கு வரவேண்டியது எவ்வளவு என்று தனித்தனியே காட்டும் நிரல் அது. அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிடலாமா என்று என்னிடம் கேட்டாள். கூடவே அம்மாவின் கேள்வியையும் கொண்டுவந்திருந்தாள்: "சும்மா குடுக்கிறதுக்கா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்த?"

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சமையல், பிள்ளை வளர்ப்பு, நோயாளிக்குப் பணிவிடை என்று பெண்கள் காலங்காலமாகச் சும்மா கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கணினியிலும் அதையே செய்யும்படி நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கட்டற்றது என்பதும் இலவசம் என்பதும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல் குறிப்பதால் அங்கே குழப்பம். தமிழில் அது இல்லை. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் குனு பொது உரிமத்தின் முதல் பதிப்பு வந்தது. நிரலை எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துப் படித்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். காசுக்கும் விற்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலோடும், தனக்குக் கிடைத்த அதே உரிமைகளோடும் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட முடியாது.

நம் வீடுகளில் நடக்கும் கொடுத்தலில் இப்படி ஒரு நிபந்தனையை நாம் என்றைக்காவது வைத்திருக்கிறோமா? "நான் கொடுக்கிறேன், நீயும் இப்படியே கொடு" என்று சொல்லும் உரிமை தியாகியாக்கப்பட்டவளுக்குக் கிடைப்பதில்லை. இந்த உரிமத்தை எழுதுகிறவளோ முதல் வரியில் தன் பெயரையும் ஆண்டையும் போட்டு, இது என்னுடையது என்று அறிவிக்கிறாள். உடைமை என்று ஒன்று இருந்தால்தான் கொடுப்பதற்கு விதி வகுக்க முடியும். மாணவியின் கோப்பில் அந்த வரி இல்லை. பெயர் போடத் தோன்றவில்லை என்றாள்.

பகிர்தல் கணினித் துறைக்குப் புதிதல்ல. கிரேஸ் ஹாப்பர் தலைமையில் உருவான ஏ-2 என்னும் நிரல், 1953இல் யூனிவாக் வாடிக்கையாளர்களுக்கு மூலநிரலோடு தரப்பட்டது. திருத்தங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லியும் கேட்டார்கள். அப்போது வழக்கம் இருந்தது, அதைக் காக்கும் உரிமம் இருக்கவில்லை. வழக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பது பெண்களுக்குத் தெரியும்.

தமிழில் நிரல் எழுதுவதற்கான எழில் மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை, அதைக் குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வெளியிட்டார். அவர் முன்னெடுத்த ஓப்பன்-தமிழ் என்னும் தொகுப்புக்கோ எம்ஐடி உரிமம். அதை எடுத்து மூடிய மென்பொருளுக்குள் வைத்துக்கொள்ளலாம். உரிமக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. கொடுக்கிறவருக்கு இப்படித் தேர்வு இருக்கிறது. என் மாணவி நிரலாக்கத்தின் முதல் பாடத்தைப் 'பதிப்பி' என்ற எழில் கட்டளையில்தான் படித்தாள். து. நித்யா எளிய தமிழில் எழுதிப் பகிர்ந்த கணினி நூல்கள் அவள் கைபேசியில் இருந்தன. அவளுக்கு வந்து சேர்ந்ததும் இப்படிக் கொடுக்கப்பட்டதுதான். அம்மாவின் கேள்விக்கு இது பாதிப் பதில்.

மீதிப் பாதி கடினமானது. 2017இல் கிட்ஹப் நடத்திய திறமூல ஆய்வில் பதில் சொன்னவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள். பெண்கள் 3 விழுக்காடு. கொடுப்பதற்கு முதலில் நேரம் வேண்டும். இவளுக்கு அந்த நேரம், பாத்திரம் கழுவி முடித்த பிறகான தூக்கத்திலிருந்து வந்தது. உரிமம் அந்த இரவுகளைத் திருப்பித் தராது.

"அந்த நோட்டுக்காரரும் இதைப் பயன்படுத்தலாமா மேடம்?" என்று கேட்டாள். பயன்படுத்தலாம். தடுக்க முடியாது. தனக்குள்ளேயே மாற்றி வைத்துக்கொண்டால் யாருக்கும் காட்ட வேண்டியதும் இல்லை. பிறருக்குக் கொடுத்தால்தான் கணக்கு போடும் விதத்தைத் திறந்து காட்ட வேண்டும். இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. காப்புரிமை எழுதிய வரிகளுக்குத்தான். வரிகளுக்குப் பின்னால் இருக்கும் யோசனைக்கு இல்லை. கழிவைத் தனியாகவும் பிடித்தத்தைத் தனியாகவும் பிரிக்கும் முறை அம்மாவின் சுவரிலிருந்து வந்தது. சட்டத்தின் கண்ணுக்கு அந்தச் சுவர் தெரியாது. ஆகவே சட்டம் கேட்காத ஒன்றை நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவது நல்லதென்றே நினைக்கிறேன். ஆனால் அது கொடுக்கிறவளின் முடிவாக இருக்க வேண்டும். விற்கவும் உரிமை உண்டு, மறுக்கவும் உண்டு என்று தெரிந்த பிறகு கொடுப்பதைத்தான் கொடை என்று சொல்ல முடியும்.

ஒரு வாரம் கழித்து அவள் கோப்பைக் காட்டினாள். குனு பொது உரிமம். மேலே அவள் பெயரும் ஆண்டும். அதற்குக் கீழே, கணக்கு முறை அம்மாவுடையது என்று எழுதி அவர் பெயர். படித்துக் காட்டியபோது அம்மா ஒன்றுதான் கேட்டாராம்: "பக்கத்து வீட்டு மதினிக்கும் இதுல கணக்கு வருமா?"