உள்ளது உள்ளபடி

சென்ற மாதம் வீட்டுக்கு ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் வாங்கப் போனேன். பாட்டுக் கேட்கிற பெட்டி வாங்குவதில் என்ன தர்ம விசாரம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடையில் ஒரே விலைக்கு இரண்டு பெட்டிகளைக் காட்டினார்கள். ஒன்றின் முகத்தில் இரண்டே குமிழ்கள். எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம், அவ்வளவுதான். மற்றதில் அடி ஒலிக்கு 'பேஸ்', உச்ச ஒலிக்கு 'ட்ரெபிள்', இடவலச் சமனுக்கு 'பாலன்ஸ்', போதாததற்கு 'லௌட்னெஸ்', 'மோனோ' என்று பொத்தான்கள், ரேடியோ வேறு. உடன் வந்த நண்பர் சங்கீத விஷயத்தில் சுத்தவாதி. "பாடினவர் பாடினபடி கேட்க வேண்டும். அதில் கை வைக்க நாம் யார்? குமிழைத் திருகுவது பொய் சொல்வதற்குச் சமம்" என்றார்.

எழுத்தாளனுக்கு இந்த வார்த்தை இனிக்காமல் இருக்குமா? இரண்டு குமிழ்ப் பெட்டியையே கட்டச் சொல்லிவிட்டேன். பில் போடுகிற நேரத்தில் அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கு 78 வயது. இடக் காது கேட்காமல் போய்ப் பல வருஷமாயிற்று. வலக் காதிலும் உச்ச ஒலிகள் மங்கிவிட்டன. முதுமை முதலில் தின்பது அவற்றைத்தான். ராத்திரி தூக்கம் வராமல், வீட்டாரை எழுப்பக் கூடாதென்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பார். ஸ்டீரியோப் பதிவில் பிடிலை இடப் பக்கம் வைத்துவிட்டால் அவருக்குப் பிடிலே கிடையாது. 'உள்ளபடி' ஒலிக்கும் பெட்டி அவருக்குக் கொடுப்பது பாதிக் கச்சேரி. அது சத்தியமா?

யோசித்தால், அந்த 'உள்ளபடி' என்பதே எங்கே இருக்கிறது? இசைத்தட்டில் அடி ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும்தான் பதிக்கிறார்கள். இல்லாவிட்டால் தட்டில் இடம் போதாது. ஊசியின் இரைச்சலும் மிஞ்சும். அதற்கு அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1954-ல் ஒரு பொதுக் கணக்கு வகுத்தது. அதற்குமுன் கம்பெனிக்கு ஒரு கணக்கு. பெட்டி அதைத் தலைகீழாகத் திருத்தித்தான் நமக்குத் தருகிறது. நம் காதும் லேசுப்பட்டதல்ல. சத்தம் தாழத் தாழ அடி ஒலி மற்றவற்றைவிட வேகமாகக் காதில் தேய்ந்துவிடுகிறதென்று பிளெட்சரும் மன்சனும் 1933-ல் அளந்து காட்டினார்கள். 'லௌட்னெஸ்' அந்தக் குறையை ஈடுகட்டப் பிறந்ததுதான். மூல ஒலிக்கு மிக நெருங்குவதே லட்சியமென்று வாழ்ந்த ஆங்கிலேயர் பீட்டர் வாக்கர்கூட, தம் கம்பெனி 1967-ல் வெளியிட்ட 'குவாட் 33'-ல் இந்தக் குமிழ்களை வைக்கத்தான் செய்தார்.

நண்பர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. குமிழ் கையில் இருக்கிறதென்று எல்லாப் பாட்டையும் இடிமுழக்கமாக்கிக் கேட்கிறவர்கள் உண்டு. நாளடைவில் நல்ல பாட்டே அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். வாசகனுக்காக என்று எழுதி எழுதியே கெட்டுப்போன எழுத்தாளர்களை எனக்குத் தெரியும்.

இருந்தாலும் குமிழ்கள் நிறைந்த பெட்டியையே வாங்கினேன். அன்று இரவு மோனோவை அழுத்தி, ட்ரெபிளைச் சற்றுக் கூட்டி, ஹெட்போனை அப்பாவின் தலையில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தவர், "ஏண்டா, பிடில்காரர் இத்தனை நாள் எங்கே போயிருந்தார்?" என்றார்.

பிடில்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்ற உண்மையை அந்தப் பொத்தான் அழித்துவிட்டது. அவர் வாசித்தார் என்ற உண்மையைத் திருப்பிக் கொடுத்தது. எது பெரிய உண்மை? என்னைக் கேட்டால், சத்தியம் சொல்கிறவன் வாயோடு முடிந்துவிடுவதில்லை. கேட்கிறவன் காதில் போய்ச் சேர்ந்தால்தான் பூர்த்தியாகிறது. சேராதபோது 'நான் உள்ளதைத்தானே சொன்னேன்' என்று கையை உதறுவதில் என்ன பெருமை?

அந்தக் குமிழ்களில் ஒரு நல்ல ஏற்பாடு. திருகும்போது நடுவில் லேசாக ஒரு தடை விரலுக்குத் தெரியும். அங்கே கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. விடிந்ததும் குமிழை அந்த இடத்துக்குத் திருப்பி வைக்கிறேன். பிறருக்காக எவ்வளவு திருகினாலும், நடு எங்கே என்பதை நம் விரல் மறந்துவிடக் கூடாது.