மூட்டும் மொத்தமும்

சூஸன் கிளாஸ்பெல் 1916இல் எழுதிய 'ட்ரைஃபிள்ஸ்' என்ற ஓரங்க நாடகத்தில் ஒரு இடம் வருகிறது. கணவனைக் கழுத்தில் கயிறிட்டுக் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்டு ஒரு பண்ணைக்காரி சிறையில் இருக்கிறாள். ஷெரீஃபும் அரசாங்க வக்கீலும் மாடியிலும் கொட்டிலிலும் தடயம் தேடுகிறார்கள். சமையலறையில் காத்திருக்கும் இரண்டு பெண்களின் கையில், அவள் பாதியில் விட்ட க்வில்ட்டின் துண்டுகள் அகப்படுகின்றன. மற்றதெல்லாம் ஒழுங்கான தையல். ஒரு கட்டத்தில் மட்டும் நூல் தாறுமாறாக ஓடியிருக்கிறது. பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்த மிஸஸ் ஹேல் அந்தத் தையலைப் பிரித்துவிட்டு, ஊசியில் நூல் கோத்து, தானே சரியாகத் தைக்கத் தொடங்குகிறாள்.

அவள் செய்தது சரியா? பி.ஏ. வகுப்பில் இந்தக் கேள்வி எழவில்லை. குறியீடு என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரோடு இதைப் பற்றிப் பேச நேர்ந்தது. அது கருணை என்றார் அவர். சாட்சியத்தை அழித்தல் என்றேன் நான். இரண்டு மணி நேரம் வாதிட்டோம். வீடு திரும்பும்போதுதான், நாங்கள் இருவருமே வாழ்நாளில் சட்டைப் பொத்தானுக்கு மேல் எதையும் தைத்ததில்லை என்பது எனக்கு உறைத்தது. ஒரு தையல் எதற்காகச் சரியாக இருக்க வேண்டும் என்று தெரியாமலேயே அதைப் பிரிப்பதன் தார்மீகத்தைப் பேசியிருக்கிறோம். நம் விமர்சனத்தில் இது அபூர்வமான காரியமல்ல.

ஆகவே, கற்றுக்கொள்ளப் பார்த்தேன்.

க்வில்ட் மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளால் ஆன முகம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. முகத்தைக் கட்டம் கட்டமாகத் தைத்துப் பிறகு கட்டங்களைச் சேர்ப்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய முறை. துண்டோடு துண்டு சேரும் தையலை மூட்டு என்றே சொல்கிறேன். கைலியை மூட்டுகிறோமே, அதே மூட்டு. தையலுக்காக விடும் ஓரம் கால் அங்குலம். இந்தக் கால் அங்குலம் முன்பின் ஆகக்கூடாது. ஒரு மூட்டில் இரண்டு பக்கத் துணியும் 1/16 அங்குலம் கூடுதலாக உள்ளே போனால் அங்கே 1/8 அங்குலம் குறைந்துவிடும். எட்டுத் துண்டு கொண்ட வரிசைக்கு ஏழு மூட்டு. எல்லாவற்றிலும் இப்படியே போனால் 7/8 அங்குலம் காணாமல் போகும்.

வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கும்போது மேல் வரிசையின் மூட்டும் கீழ் வரிசையின் மூட்டும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். இதற்கு ஒரு உபாயம் இருக்கிறது. ஒரு வரிசையின் மூட்டு ஓரங்களை வலப்பக்கமாகவும் அடுத்ததை இடப்பக்கமாகவும் மடித்து இஸ்திரி போடுவார்கள். அப்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று வந்து முட்டி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே பொருந்திவிட்டது தெரியும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் முட்டி நிற்க எதுவுமில்லை. வழுக்கிக்கொண்டு போகும்.

என் மனைவியின் தையல் மெஷினில் எட்டெட்டுச் சதுரங்களாக இரண்டு வரிசை தைத்தேன். இரண்டரை அங்குலச் சதுரங்கள். வரிசை பதினாறரை அங்குலம் வர வேண்டும். டேப்பை வைத்து அளந்தேன். இரண்டு வரிசையும் இம்மி பிசகாமல் பதினாறரை. எனக்கு ஏற்பட்ட கர்வத்தை இங்கே மறைப்பதற்கில்லை. ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது இரண்டு ஓரங்களும் பொருந்தின. நடுவில் இருந்த ஏழு மூட்டுகளில் ஐந்து சந்திக்கவில்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுல கூடப் பிடிச்சிருக்கீங்க, ஒண்ணுல கொறச்சுப் பிடிச்சிருக்கீங்க, அதான் மொத்தம் சரியா வந்திருக்கு" என்றாள். நான் அளந்தது மொத்தத்தை. மொத்தம் சரியாக வந்ததற்குக் காரணம், ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுகட்டியதுதான்.

பிறகு எட்டுமுனை நட்சத்திரத்துக்குத் துணிந்தேன். எட்டுச் சாய்சதுரங்களின் கூர்முனைகள் நடுவில் ஒரு புள்ளியில் கூட வேண்டும். ஒவ்வொரு முனையும் 45 பாகை. ஒவ்வொன்றிலும் ஒரு பாகை குறைந்தால் எட்டு பாகை குறையும். துணி தட்டையாகப் படியாமல் நடுவில் கூம்பாக எழும்பும். சாய்சதுரத்தின் இரண்டு பக்கங்கள் கிராஸாக வெட்டுப்படுவதால் தொட்டாலே இழுபடும். இதையெல்லாம் விட என்னைக் கவர்ந்தது வேறு விஷயம். சாய்சதுரங்களை ஒன்றோடொன்று மூட்டும்போது வெளி ஓரம் வரை தைக்கக்கூடாது. கால் அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். நட்சத்திரத்தின் இடுக்குகளில் பின்னால் சதுரமும் முக்கோணமும் வந்து பொருந்த வேண்டும். கடைசி வரை தைத்துவிட்டால் அவற்றுக்கு உள்ளே நுழைய வழியில்லை. இன்னும் வராத துண்டுக்காக இப்போதே நிறுத்திக்கொள்வதும் சரியாகத் தைப்பதில் அடக்கம்.

என் நட்சத்திரம் கூம்பாகத்தான் எழும்பியது.

பிழையை என்ன செய்வது? சிறு வித்தியாசமானால் சமாளிக்கலாம். நீளமான துண்டை அடியில் வைத்துத் தைத்தால், மெஷினின் பற்கள் அந்த மிச்சத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கைதேர்ந்தவர்களும் இதைச் செய்கிறார்கள். இதில் அதர்மம் எதுவுமில்லை. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் துணி சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதும் பிரிக்க மனமில்லாதவர் அடுத்த மூட்டில் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார். பிழை மறைந்துவிடாது, பக்கத்துத் துண்டுக்குப் போகும். அந்தத் துண்டு எந்தத் தப்பும் செய்யவில்லை.

பிழையைப் பற்றி க்வில்ட் உலகில் ஒரு கதை உலவுகிறது. கடவுள் ஒருவரே பரிபூரணர் என்பதால், பழைய காலத்துப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைப் பிழையாகத் தைத்தார்கள் என்பது கதை. க்வில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதை ஏற்பதில்லை. தைத்துப் பார்த்த எவருக்கும் சிரிப்புத்தான் வரும். பிழைக்கு யாரும் அழைப்பு அனுப்ப வேண்டியதில்லை. தெரிந்தே ஒரு பிழையை வைப்பவன், மற்ற எல்லாவற்றையும் பிழையில்லாமல் செய்துவிட முடியும் என்று நம்புகிறவன். இது அடக்கமல்ல, அடக்கத்தின் வேஷம்.

இதற்கு எதிர்க்கோடியில் அலபாமா நதியின் வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் க்வில்ட்டுகள். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்துப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த துணிகளைக் கிழித்துத் தைத்தவை. 2002இல் ஹூஸ்டன் மியூசியத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் இவை வைக்கப்பட்டபோது, விமர்சகர்கள் நவீன அரூப ஓவியங்களோடு சேர்த்துப் பேசினார்கள். மிஸூரி பெட்வே என்ற பெண்மணி, இறந்த கணவனின் வேலைத் துணிகளைக் கொண்டு 1942இல் தைத்த போர்வை அவற்றில் ஒன்று. இந்தப் போர்வைகளில் பட்டைகள் நேராக ஓடுவதில்லை. மூலைகள் சந்திப்பதில்லை. இவை பிழைகளா? இல்லை. சந்திப்பேன் என்று அங்கே எந்த மூட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. நட்சத்திரம் வாக்குக் கொடுக்கிறது. எட்டு முனையும் ஒரு புள்ளியில் கூடும் என்று முதல் துண்டை வெட்டும்போதே அது சொல்லிவிட்டது.

இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். வெண்பா வாக்குக் கொடுத்த வடிவம். சீருக்கும் சீருக்கும் நடுவில் தளை தட்டக்கூடாது. தட்டும் இடத்தில் 'அரோ' என்றும் 'மாதோ' என்றும் அசைச்சொல்லை நுழைத்து ஒப்பேற்றிய புலவர்கள் மொத்தத்தைச் சரிக்கட்டினார்கள். புதுக்கவிதை அந்த வாக்கிலிருந்து விடுபட்டது, நியாயமாகவே. ஆனால் விடுபட்டவுடன் மூட்டே வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டோம். மிஸூரி பெட்வேயின் போர்வையில் மூலைகள் சந்திக்காமல் இருக்கலாம், மூட்டு விட்டுப்போகாது. அதைப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் என்ன பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டால், நம் கவிதைகளில் பலவற்றுக்குப் பதில் இருக்காது.

இவ்வளவும் நான் சுலபமாக எழுதிவிடக்கூடியவை. இனி எழுதப்போவது அப்படியல்ல.

நான் வங்கியில் கேஷ் கௌண்டரில் உட்காருபவன். மாலையில் கையிருப்பும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கைப்பணம் போட வேண்டும், கூடினால் எழுதிவைக்க வேண்டும். ஒத்துப்போனால் அன்றைய நாள் முடிந்தது. சென்ற வருஷம் ஒரு நாள், முந்தின தினம் பென்ஷன் பணம் எடுத்துப்போன முதியவர் ஒருவர் வந்து, ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று குறைவதாகச் சொன்னார். சண்டைக்காரத் தொனி இல்லை. கேட்கவே கூச்சப்பட்டார். "நேத்து கேஷ் டேலி ஆயிடுச்சுங்க ஐயா. குறைஞ்சிருந்தா எங்கிட்ட அதிகமா இருந்திருக்கணுமே" என்றேன். அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக எனக்கே தோன்றவில்லை. கேமராப் பதிவைப் பார்க்கலாம் என்பது தெரியும். அதற்கு மேனேஜரிடம் போக வேண்டும். வெளியே க்யூ நின்றது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்து மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் வந்து, அதே தேதியில் என்னிடம் வாங்கிய பணத்தில் ஐந்நூறு அதிகமாக இருந்தது, கூட்டத்தில் எண்ணியபோதுதான் தெரிந்தது என்று தாளை நீட்டினாள். ஒருவரிடம் குறைத்துக் கொடுத்து மற்றவரிடம் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். மொத்தம் பதினாறரை அங்குலம்.

முதியவரின் கணக்கில் அன்றே செலான் எழுதிப் பணத்தைக் கட்டினேன். அவருக்குப் போன் செய்யவில்லை. அடுத்த வாரம் பாஸ்புக் பதிந்துகொண்டு என்னிடமே வந்து, இது என்ன ஐந்நூறு என்று கேட்டார். "ஏதோ விட்டுப்போச்சுங்க ஐயா, சரிபண்ணிட்டோம்" என்றேன். எது விட்டுப்போனது, யார் சரிபண்ணியது என்ற இரண்டையும் அந்த வாக்கியம் கவனமாக மறைத்திருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் பாஸ்புக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றார். பிறகு, "பேரனைச் சந்தேகப்பட்டுட்டேன் சார்" என்றார்.

என் பிழை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அப்போது பார்த்தேன். கௌண்டரில் அதற்கு இடமில்லை, கணக்கு ஒத்துப்போய்விட்டது. ஆகவே அது அவரோடு வீட்டுக்குப் போயிற்று. முதலில் அவருடைய கண்ணின்மேலும் எண்ணிக்கையின்மேலும் போய் விழுந்தது. அங்கேயும் தங்க முடியாமல் ஒரு பையனின்மேல் போய் விழுந்தது. ஐந்நூறு ரூபாயைக் கட்டியதால் மொத்தம் மறுபடி சரியாயிற்று. 'உங்களுக்குக் குறைத்துக் கொடுத்தவன் நான், நீங்கள் சொன்னபோது நம்பாதவனும் நான்' என்று சொல்லியிருந்தால் அந்த மூட்டு சந்தித்திருக்கும். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேரனிடம் சொல்லியிருப்பார். நான் கொடுத்த வாக்கியத்தைக் கொண்டுபோய் யாரிடம் என்ன சொல்ல முடியும்?

இப்போது மிஸஸ் ஹேலிடம் திரும்பலாம். கிளாஸ்பெல் பத்திரிகை நிருபராக இருந்தபோது, 1900இல் அயோவாவில் ஒரு விவசாயி தூக்கத்தில் கோடரியால் கொல்லப்பட்ட வழக்கைப் பற்றி எழுதியவர். அவன் மனைவிக்கு 1901இல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1903இல் மறுவிசாரணை நடந்தது. ஜூரிகள் ஒருமனதாகாமல் கலைந்தார்கள். அந்த ஜூரியில் ஒரு பெண்கூட இல்லை, அன்றைய அயோவாவில் இருக்கவும் முடியாது. நாடகத்தையே 1917இல் சிறுகதையாக எழுதியபோது கிளாஸ்பெல் வைத்த தலைப்பு அவளுக்குச் சமமானவர்களின் ஜூரியைக் குறிக்கிறது.

நண்பரோடு வாதிட்டபோது நான் சொன்னது தப்பில்லை. தாறுமாறான தையல் ஒரு சாட்சி. ஒரு மனம் எந்த மூட்டில் அறுந்தது என்பதை அது காட்டியது. அதைப் பிரித்தவள் சாட்சியத்தை அழித்தாள். ஆனால் அந்தச் செய்கையின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்று நான் பார்க்கவில்லை. அவள் தன் ஊசியால், ஷெரீஃபின் மனைவி பதறிக்கொண்டு பார்த்திருக்க, ஆபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு தைக்கிறாள். அதோடு அவள் நிற்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்துப் பண்ணையில் இருந்துகொண்டு இந்தப் பெண்ணை வந்து பார்க்காமல் இருந்ததே குற்றம் என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறாள். தன் மூட்டு எங்கே சந்திக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிகிறது. நானும் ஒரு தையலைச் சரிசெய்தேன். என் பெயர் வெளியே தெரியாதபடி செய்தேன்.

பிழையில்லாமல் தைக்க யாராலும் ஆகாது. பிழையைக் கண்டால் பிரித்தேயாக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சிலவற்றை அப்படியே விட வேண்டும், சிலவற்றைச் சமாளிக்கலாம். இவற்றில் எதைச் செய்தாலும் அடுத்த துண்டின்மேல் என்ன போய் விழுகிறது என்று கேட்காமல் செய்யக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்தவரை. மொத்தம் சரியாக இருக்கிறது என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

அதற்கடுத்த மாதம் அவர் பென்ஷன் வாங்க வந்தபோது நான் வேறு கௌண்டரில் இருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. இந்தக் கட்டுரை அவர் கண்ணில் படப்போவதில்லை. ஆகவே இதை எழுதியதை, பிரித்துத் தைத்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.