நின்றதும் தீர்ந்ததும்

‘சரியாகிவிட்டது’ என்ற சொல்லை நாம் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். காய்ச்சல் சரியாகிவிட்டது, குழாய் சரியாகிவிட்டது, கணக்கு சரியாகிவிட்டது. சொல் ஒன்றுதான், அது சுட்டும் ஸ்திதிகள் வேறு வேறு. இதை யோசிக்கும் நிர்ப்பந்தம் எனக்கு ஒரு பழைய லாப்டாப்பால் வந்தது.

2014ல் வாங்கியது. பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கும் அக்கா மகளுக்கு அதைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஆவணியிலிருந்து அதற்கு இரண்டு கோளாறுகள். திரையில் குறுக்குக் கோடுகள் வந்து போயின. வாரத்துக்கு இரண்டு முறையாவது படம் அப்படியே உறைந்து, சிறிது நேரத்தில் இயந்திரமே அணைந்துபோயிற்று. ரிப்பேர் கடைக்காரர் ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, “போர்டு போயிடுச்சு சார்” என்றார். நம் விமர்சகர்கள் ‘உருவம் கூடிவரவில்லை’ என்று சொல்லும் அதே த்வனி. எந்த இடத்தில், எதனால் என்று கேட்டால் இரண்டு தரப்பாருக்கும் கோபம் வந்துவிடும்.

நானே தேட ஆரம்பித்தேன். முதலில் ஒரு கேபிள் போட்டு லாப்டாப்பை வீட்டு டி.வி.யோடு இணைத்தேன். லாப்டாப் திரையில் கோடுகள் ஓடிக்கொண்டிருக்க, டி.வி.யில் படம் சுத்தமாக இருந்தது. படத்தை உண்டாக்கும் சில்லு இந்தக் கோடுகள் விஷயத்தில் நிரபராதி என்று அர்த்தம். மூடியைச் சற்றே முன்னுக்குத் தள்ளியதும் கோடுகள் மறைந்தன. பின்னுக்குச் சாய்த்ததும் திரும்ப வந்தன. திரைக்குப் போகும் மெல்லிய கேபிள் கீல் வழியாகப் போகிறது. பத்து வருஷம் திறந்து மூடியதில் அது நைந்திருக்கிறது. காரணம் கையில் அகப்பட்டுவிட்டது.

உறைந்து அணைவது வேறு ரகம். அது நேர்ந்தபோது டி.வி.யிலும் படம் உறைந்தது. ஆக, கேபிள் அல்ல. விண்டோஸ் தனக்குள் ஒரு நிகழ்ச்சிப் பதிவேடு வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு தடவையும் 41 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு இருந்தது: முறைப்படி மூடப்படாமலே கணினி மறுபடி தொடங்கியிருக்கிறது. அவ்வளவுதான். இறந்தவன் எழுந்து வந்து ‘நான் இறந்திருக்கிறேன்’ என்று சாட்சி சொல்வதைப்போல. நினைவகத்தை ராத்திரி முழுக்கச் சோதிக்கவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம்.

இங்கே என் மனசின் ஒரு பழக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். டி.வி. சோதனை அவை இரண்டும் வெவ்வேறு என்று தெளிவாகச் சொன்ன பிறகும், இரண்டுக்கும் ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கவிதையில் பத்து வரிகளையும் ஒரு மையத்தில் கட்டிவிடத் துடிக்கும் வாசகனின் ஆசைதான் இது. ஒரே உடம்பில் சம்பந்தமில்லாத இரண்டு வியாதிகள் இருக்கலாம் என்பது நமக்கு ரசிப்பதில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் விதி. கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுப்பில், அதை மீறினேன். விசிறியில் அப்பியிருந்த தூசியை எடுத்தேன். சில்லின் மேல் காய்ந்து பொருக்காகிப்போன வெப்பப் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். நினைவகப் பலகைகளைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தினேன். டிஸ்ப்ளே டிரைவரை அகற்றிவிட்டுப் பழையதைப் போட்டேன். நான்கும் ஒரே மூச்சில். அன்றிலிருந்து லாப்டாப் அணையவில்லை.

நான்கில் எது? எனக்குத் தெரியாது. ஹ்யூம் இருந்தால் சிரிப்பார். ஒன்றையடுத்து ஒன்று வருவதைத்தான் காண்கிறோம், காரணம் என்கிற கட்டை நாம் காண்பதேயில்லை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே சொன்னவர். அவர் எடுத்துக்காட்டிலாவது ஒரு பில்லியர்ட்ஸ் பந்து இன்னொன்றை மோதியது. நான் நான்கு பந்துகளைச் சேர்த்து உருட்டிவிட்டேன்.

பாங்க்கில் நான் சேர்ந்த புதிதில் ஒரு ஹெட் கேஷியர் இருந்தார். பேரேடு நாட்களைப் பார்த்தவர். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார் என்பார். 81ஐ 18 என்று எழுதினால் 63 உதைக்கும். வித்தியாசமே தன் காரணத்தின் ஜாடையைக் காட்டிக்கொடுக்கும். அவர் பயந்தது வித்தியாசத்துக்கு அல்ல. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டிவிட்டு, கணக்கு டாலி ஆகும் நாளுக்கு. அன்று எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

என் நிலைமை இப்போது விசித்திரமாக இருக்கிறது. திரைக் கோடுகள் தீரவில்லை. மூடியைச் சாய்த்தால் இன்றும் வரும். ஆனால் அதைப் பற்றி என்னால் உத்தரவாதமாகப் பேச முடியும். எப்போது வரும், எப்படிப் போகும், கேபிளை மாற்றினால் போதும் என்றெல்லாம். அணைந்துபோவது நின்றுவிட்டது. அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட உத்தரவாதமாகச் சொல்ல முடியவில்லை. தீராத கோளாறை நம்ப முடிகிறது, தீர்ந்ததை நம்ப முடியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நான்கில் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கோளாறு திரும்புகிறதா என்று காத்திருப்பது. அறிவதற்காக வியாதியைத் திரும்ப அழைப்பது. பழைய டிரைவர் விஷயத்தில் அதைச் செய்யலாம். சுரண்டி எறிந்த பசையையும் தூசியையும் எங்கே போய்த் தேடுவது?

இதில் அறிவுப் பிரச்னை மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், லாப்டாப்புகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றில் பொதிவுப் பொருள் பலவீனமாக இருந்ததால் ஏற்படும் செலவுக்கென்று 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே ஈயப்பற்று மாதிரியான நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. இந்த மாதிரி சில்லின் மேல் வெப்பக் காற்றைப் பாய்ச்சினால் இணைப்பு தற்காலிகமாகக் கூடும், படம் வந்துவிடும். சில வாரம் ஓடும், சில மாதம் ஓடும். அந்த இடைவெளியில் இயந்திரம் கைமாறுவது எல்லா ஊரிலும் உண்டு. விற்றவன் பொய் சொன்னானா? ‘ஓடுகிறது’ என்றான்; ஓடிற்று. என்னுடையது அந்த வகைச் சில்லு அல்ல. ஆனால் நான் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லிக் கொடுத்தால், அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் எண்ணத்தில் மட்டும்தானே? அந்தப் பெண்ணின் ப்ராஜெக்ட் நடு ராத்திரியில் அழிந்தால் என் எண்ணம் அவளுக்கு எதற்கு ஆகும்?

இது தை மாதம். சித்திரைப் புழுக்கத்தில் இது எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்த ஐந்து வாரங்கள் சொல்லாது.

போன ஞாயிறு வந்தாள்.

“மாமா, சரியாயிடுச்சா?”

“திரையிலே கோடு வரும். மூடியை ரொம்பச் சாய்க்காதே, வராது.”

“அணைஞ்சு அணைஞ்சு போச்சே, அது?”

“அஞ்சு வாரமா அணையலை.”

“என்ன பண்ணினீங்க?”

“நாலு பண்ணினேன். எதுனாலேன்னு தெரியலை.”

அவள் லாப்டாப்பைத் திறந்து, மூடியைப் பின்னுக்குச் சாய்த்துக் கோடுகளை ஒரு தரம் வரவழைத்துப் பார்த்தாள். பிறகு மூடிப் பையில் வைத்துக்கொண்டு, “பென்டிரைவ் ஒண்ணு இருந்தா குடுங்க மாமா, தினமும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கறேன்” என்றாள்.