வாக்கு எனும் அமானிதம்

எங்களுடையது கடலோர ஊர். சுனாமி நினைவு நாள் நெருங்கும்போதெல்லாம் என் வகுப்பறையில் ஆச்சேயின் பெயர் வந்துவிடும். ஒருமுறை உலகப் படத்தில் சுமாத்திராவின் வடமுனையைக் காட்டி, 2004 டிசம்பர் 26இல் அந்த அலை வந்தபோது ஆச்சே மக்கள் இந்தோனேஷிய அரசுக்கு எதிரான நீண்ட போரின் நடுவில் இருந்தார்கள் என்று சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அவங்களும் முஸ்லிம்கள்தானே சேர், அரசாங்கமும் முஸ்லிம்கள். பிறகு என்னத்துக்குச் சண்டை?"

மணியடித்துவிட்டது. கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது.

ஆச்சே தொடக்கத்தில் பிரிவினை கேட்ட நாடல்ல. 1873 முதல் ஒல்லாந்தரோடு பல தசாப்தங்கள் போராடிய மண் அது. 1945இல் சுதந்திரம் பிரகடனம் செய்யப்பட்ட பின்னர், மீண்டும் வந்த ஒல்லாந்தர் ஆச்சேயின் பெருநிலத்தில் காலூன்ற முடியவில்லை. 1948இல் ஜனாதிபதி சுகர்ணோ அங்கு சென்று உதவி கேட்டார். அம்மக்கள் பணமும் பொன்னும் திரட்டி, இளங்குடியரசுக்கு ஒரு டக்கோட்டா விமானம் வாங்கக் கொடுத்தார்கள். ஆச்சே தன் மார்க்கப்படியும் மரபுப்படியும் தன் காரியங்களை நடத்தலாம் என்று அன்று தங்களுக்கு வாக்களிக்கப்பட்டதாகவே அவர்கள் நம்பினார்கள்.

சுதந்திரம் உறுதியான கையோடு, 1950இல் ஆச்சேயின் தனி மாகாண அந்தஸ்து பறிக்கப்பட்டு, அது மேடானைத் தலைநகராகக் கொண்ட வட சுமாத்திராவுடன் இணைக்கப்பட்டது. 1953 செப்டெம்பரில், முன்பு அம்மண்ணின் ஆளுநராக இருந்த உலமா தாவூத் பெரூயெ கிளர்ச்சிக் கொடியை உயர்த்தினார். விமானம் வாங்கிக் கொடுத்து ஐந்து வருடங்கள்தான் ஆகியிருந்தன.

1959இல் 'விசேட பிரதேசம்' என்ற பெயர் கிடைத்தது. பெயரளவுக்கு மேல் அதிகம் கிடைக்கவில்லை. 1971இல் அருன் பகுதியில் பெரும் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. வருமானம் ஜகார்த்தாவுக்குப் போனது. வயலைச் சுற்றியிருந்த கிராமங்கள் வறுமையிலேயே இருந்தன. 1976இல் ஹஸன் தி தீரோ தனிநாடு கேட்டார். எண்பதுகளின் இறுதியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியதும், அதுவரை ஒதுங்கியிருந்த குடும்பங்களுக்கும் சொந்த இழப்புகளே காரணங்களாயின.

மார்க்கம்தான் பிரச்சினை என்றால் 2001இல் போர் ஓய்ந்திருக்க வேண்டும். அவ்வருடம் ஷரீஆ நடைமுறைக்குச் சட்டம் இடமளித்தது. ஆனால் 2003 மே மாதத்தில் அங்கே இராணுவச் சட்டம்தான் பிரகடனப்படுத்தப்பட்டது. கேட்காமலே தம் அந்தஸ்தைப் பறித்தவர்கள், கேட்காமலே தம் வளத்தை எடுத்தவர்கள், இன்று தருவதை நாளை வைத்திருக்க விடுவார்கள் என்று எப்படி நம்புவது?

வாக்கு ஓர் அமானிதம். தேவைப்பட்ட நாளில் அதைக் கொடுத்துவிட்டுத் தேவை தீர்ந்த நாளில் மறப்பவனுக்குக் கலிமா ஒன்றாயிருப்பது விதிவிலக்காகாது. சகோதரன் என்று அழைத்துவிட்டுச் செய்யும் மோசடி அந்நியன் செய்வதைவிட ஆழமாகவே தைக்கும்.

இத்தோடு நிறுத்தினால் நான் பாதி நியாயமே சொன்னவனாவேன். ஆச்சேயில் குடியேறியிருந்த ஜாவானிய ஏழை விவசாயிகள் பல்லாயிரவர் மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் அஞ்சி ஓடினார்கள். ஜகார்த்தா செய்த பாவத்துக்கு அந்தக் கோப்பித் தோட்டக் கூலி என்ன பொறுப்பு? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களை அறிந்த எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அநீதிக்கு எதிராக எழும் உரிமை, தன்னைவிட எளியவன்மீது அநீதி செய்யும் உரிமையாக ஒருபோதும் மாறாது.

அலை ஆச்சேயில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2005 ஓகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. எண்ணெய், எரிவாயு போன்ற இயற்கை வளங்களின் வருமானத்தில் 70 வீதம் ஆச்சேக்கு. உள்ளூர்க் கட்சிகளுக்கு அனுமதி. கிளர்ச்சியாளர் 840 ஆயுதங்களைக் கையளிக்க வேண்டும். அரசு வெளியிலிருந்து வந்த படைகளை விலக்க வேண்டும். இம்முறை வாக்கு எழுத்திலும் எண்ணிக்கையிலும் இருந்தது. அதை எண்ணிப் பார்க்க வெளிநாட்டுக் கண்காணிப்பாளரும் இருந்தார்கள். கிளர்ச்சியாளரும் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார்கள். அதே அலை நம் கரையையும் அடித்தது. நம் நாட்டிலோ போர் 2009 வரை நீண்டது. ஆகவே, சமாதானத்தைக் கடல் கொண்டுவந்தது என்று சொல்ல என்னால் இயலவில்லை. துயரம் ஒரு வாசலைத் திறக்கலாம். அதன் வழியே நடப்பது மனிதர் வேலை.

அடுத்த நாள் அந்த மாணவியிடம் சொன்னேன்: "மகள், ஒரே சஃபில் தொழுகிறவங்களும் கடன்காரராக இருக்கலாம். தொழுகை முடிந்தாலும் கடன் தீராது."

அவள் சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அந்த விமானக் காசைத் திருப்பிக் கொடுத்தாங்களா சேர்?"

அவள் சரியான இடத்தைத் தொட்டுவிட்டாள் என்றே நினைக்கிறேன். ஆச்சே மக்கள் காசைக் கேட்டிருக்கவில்லை.