மகள் கேட்கும் கேள்வி

சிறைப்பட்ட ஒருவருக்காக அவருடைய மகள் எழுப்பும் குரலைப் பொதுவாழ்வு எவ்வாறு மதிக்க வேண்டும்? அது பாசத்தின் குரல், ஆகவே பக்கச்சார்புடையது என்று ஒதுக்குவோர் உளர். அக்குரல் எதிரிக்குப் பயன்படுமாயின் அதனைக் கேளாதிருப்பதே முற்போக்காளரின் கடமை என வாதிப்போரும் உளர். உய்குர் அறிஞர்களின் விடுதலைக்காக அவர்தம் குடும்பத்தினர் நடத்திவரும் இயக்கம் இவ்விரு கூற்றுகளையும் ஆராயும்படி நம்மைத் தூண்டுகிறது.

இல்ஹாம் தொஹ்தி பெய்ஜிங்கிலுள்ள மத்திய தேசிய இனங்கள் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர். உய்குர் இளைஞரின் வேலையின்மையை ஆராய்ந்தவர். 1984ஆம் ஆண்டுப் பிரதேச சுயாட்சிச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாது நடைமுறைக்கு வரவேண்டும் என வற்புறுத்தியவர். 2006இல் அவர் தொடங்கிய இணையத்தளம் பெரிதும் சீன மொழியிலேயே நடந்தது. ஹான் மக்களும் உய்குர் மக்களும் மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிரிவினையை அவர் வேண்டவில்லை. 2013 பெப்ரவரியில் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அவர் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். உடன் சென்ற 18 வயது மகள் ஜவ்ஹர், தந்தையின் வற்புறுத்தலால் தனியே விமானம் ஏறினார். 2014 ஜனவரியில் தந்தை கைதானார். அவ்வாண்டு செப்ரெம்பர் 23இல் பிரிவினைவாதக் குற்றத்துக்காக அவருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. அவருடைய மாணவர் எழுவரும் பின்னர் சிறைத்தண்டனை பெற்றனர். 2019இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் அவருக்கு வழங்கிய சகாரவ் பரிசை மகளே பெற்றுக்கொள்ள நேர்ந்தது.

ரஹீலே தாவுத் சிஞ்சியாங் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை. ஊர் ஊராய் நடந்து, உய்குர் மக்கள் வழிபடும் அடக்கத்தலங்களையும் அவற்றைச் சூழ்ந்த கதைகளையும் பதிவுசெய்த நாட்டாரியல் அறிஞர். அரசின் ஆதரவையும் பெற்றிருந்த அவரது ஆய்வுப்பணி 2017 டிசெம்பரோடு நின்றுபோயிற்று. அன்றுமுதல் அவரைக் காணவில்லை. அவருக்கும் ஆயுட்சிறை விதிக்கப்பட்டிருப்பது 2023 செப்ரெம்பரிலேயே வெளியுலகுக்கு உறுதியாயிற்று. அதுவரை, ஏறத்தாழ ஆறாண்டுகள், தாய்க்கு நேர்ந்தது என்ன என்று வெளிநாட்டில் வாழும் மகள் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

இக்குரல்கள் பக்கச்சார்புடையனவா? பாசம் மட்டுமே இவர்களை இயக்கியிருந்தால் இவர்கள் மௌனமாயிருந்திருப்பர். தாம் வாய்திறந்தால் ஊரிலுள்ள உறவினருக்குத் தீங்கு நேரும் என அஞ்சி, புலம்பெயர்ந்த உய்குர் மக்கள் பலர் ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்தனர். அம்மௌனத்தைக் கோழைமை என்று பழிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால், அதை மீறிப் பேசியவர் தம் அன்புக்குரியோர் அனைவரையும் ஆபத்தின் எல்லையில் நிறுத்தியே பேசினர். அவ்வளவு விலைகொடுத்துச் சொல்லப்படும் சொல்லை வெறும் பாசத்தின் புலம்பல் எனத் தள்ளுவது நேர்மையாகாது. ஜவ்ஹரின் குரல் தம் தந்தையோடு நின்றுவிடவும் இல்லை. தொழிலாளர் உரிமை அமைப்பொன்றிற் பணியாற்றி, உய்குர் மக்களின் கட்டாய உழைப்புக்கு எதிராகவும் அவர் இயங்கி வந்திருக்கிறார்.

இரண்டாவது வாதம் நம்மவர் வாதம். ஆதலால் அதைக் கூடுதற் கவனத்தோடு நோக்க வேண்டும். வல்லரசுகள் மனித உரிமையைத் தம் வணிகப் போருக்கு ஆயுதமாக்குவது உண்மையே. எனினும் ஓர் உண்மையைத் தீயவன் எடுத்தாள்வதால் அது பொய்யாகிவிடாது. ஒரு வாதத்துக்காக அரசு சாட்டும் குற்றங்கள் யாவும் உண்மை என்றே கொள்வோம். அப்போதும் மகளின் கேள்வி அப்படியே நிற்கிறது: என் தந்தை உயிரோடிருக்கிறாரா? இல்ஹாமைக் குடும்பத்தினர் இறுதியாகச் சிறையிற் பார்த்தது 2017இல். குற்றவாளிக்கும் குடும்பம் உண்டு. தண்டனைக்கும் வெளிச்சம் வேண்டும். தன் தீர்ப்பு நீதியானது என்று நம்பும் அரசு, அத்தீர்ப்பைக் குற்றவாளியின் பிள்ளைக்கு மறைக்கவேண்டிய காரணம் யாது?

கண்ணகிக்குப் பாண்டியனின் வாயில் திறந்தது. தவறிழைத்த மன்னனும் அவளை அழைத்துக் கேட்டான். சிலம்பைக் கொணர்வித்துப் பார்த்தான். மனைவியின் வழக்கு நாட்டின் வழக்கானது அந்த அவையிலேதான். இன்றைய மகளிர்க்கு அந்த வாயிலும் இல்லை. ஆகவே அவர்கள் உலகின் தெருக்களில் நின்று கேட்கிறார்கள்.

சுரண்டப்படும் மனிதனின் பக்கம் நிற்பதே முற்போக்கு என மாணவருக்குக் கற்பிப்பவர் நாம். அம்மனிதனைச் சிறையிலிட்டவர் ஏந்தும் கொடியின் நிறத்தைப் பார்த்த பின்னரே அவன் பக்கம் நிற்பதா, விலகுவதா என்று முடிவுசெய்வோமாயின், நாம் கற்பித்தது மனித நேயமன்று. கட்சிகட்டும் பழக்கம் மட்டுமே. இல்ஹாமும் ரஹீலேயும் வகுப்பறைகளில் கற்பித்தவர்கள். அவர்களைப் பற்றிய கேள்வி நம் வகுப்பறைகளிலும் கேட்கப்படட்டும்.