பத்தியில் படுத்தவர்கள்

கானாடுகாத்தான். விடுதியாகிவிட்ட ஒரு செட்டிநாட்டு வீடு. நடுப்பகல் வெயில் முற்றத்தில் நேராக இறங்குகிறது. நான்கு பக்கமும் ஓடும் பத்தியில் அது தெரியவில்லை. ஆத்தங்குடிக் கல் காலுக்குக் குளிர்ச்சி. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடுகிறது. விடுதியில் தங்கியிருப்பவர்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏசிக்குள் இருக்கிறார்கள்.

*

முற்றமும் பத்தியும் சேர்ந்த வளவைச் சுற்றியுள்ள அறைகள் தூங்குவதற்கென்று கட்டியவை அல்ல. பிள்ளைக்குக் கல்யாணமானால் அந்தத் தம்பதி ஒரு புள்ளி; புள்ளிக்கு ஓர் அறை. சீர்ச் சாமான், வெள்ளி, பித்தளை எல்லாம் அதற்குள். புதுத் தம்பதிக்குச் சில இரவுகள். பிறகு வேறு வைத்துவிடுவார்கள், அதே வீட்டில் தனி அடுப்பு. தூக்கம் பத்தியில்தான், பாய் விரித்து. ஆண்களுக்கு முகப்பும் திண்ணையும். இன்று சாமான் இருந்த இடத்தில் கட்டில் போட்டு, குளியலறை இணைத்து, வாடகைக்கு விடுகிறார்கள். மனிதர்கள் படுத்த இடம் காலியாகக் கிடக்கிறது. கொசுவலை கட்டிப் பத்தியிலும் படுக்கலாம் என்று ஏதாவது ஒரு விடுதி சொல்லிப் பார்க்கலாம்.

*

வீட்டைக் கட்டியவர் இதில் எத்தனை இரவு தூங்கியிருப்பார்? கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தாருக்கு மூன்று வருடம் ஒரு கணக்கு. ரங்கூன் மொகல் தெரு, சிங்கப்பூர் மார்க்கெட் தெரு. அங்கே கிட்டங்கி என்ற நீண்ட கூடம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. பகலில் அங்கேயே வட்டிக்கடை, இரவில் அதே தரையில் படுக்கை. அந்தத் தரையில் சேர்ந்த காசுதான் இங்கே பர்மாத் தேக்காக, பளிங்காக நிற்கிறது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது பலர் கால்நடையாகவே திரும்பினார்கள். அதற்குப் பிறகு இந்த அளவில் வீடு கட்டக் காசும் இல்லை, காரணமும் இல்லை.

*

பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது என்பார்கள். இத்தாலியில் பளிங்குக்குப் பேர்போன ஊர் கராரா. அதன் மலையிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களுக்குப் பெரிய விடுமுறை. நகரங்கள் கடையடைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் வாடகை கொடுத்து, சும்மா கிடப்பார்கள். நகரத்தாருக்குக் கடல் அப்படி இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்து, கடல் எட்டாத இந்த வறண்ட சீமையில் ஊர் அமைத்தோம் என்பது அவர்கள் சொல்லும் பூர்வகதை. மறுபடி கடலுக்குப் போனது தொழிலுக்காக.

நகரத்தார் தங்குமிடம் கட்டத் தெரியாதவர்கள் அல்ல. காசியில் 1863-இலேயே சத்திரம் வைத்தார்கள். விசுவநாதருக்குப் பூசைச் சாமான் இன்றும் அங்கிருந்துதான் போகிறது. ஆனால் சத்திரம் என்றால் சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு. ஓய்வெடுக்க ஓர் ஊருக்குப் போவது அவர்கள் கணக்கில் எந்தப் பற்றிலும் வராது.

*

வீட்டை விடுதியாக்கியது பற்றி எனக்கு வருத்தமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பார்த்தால் போதும். தூண், நிலை, மரப்பெட்டி, ரவிவர்மா படம், எனாமல் தூக்கு: இடித்த வீடுகள் துண்டு துண்டாக விலைக்கு நிற்கின்றன. அதற்கு விசாலம் என்ற விடுதி மேல். மகளுக்காகத் தகப்பனார் கட்டிய வீடு என்பார்கள். யாரோ ஒருவர் தினமும் அதைப் பெருக்கித் துடைக்கிறார். காரைக்குடியில் ‘பங்களா’ என்ற விடுதியின் கதை வேறு. அது முதலிலிருந்தே விருந்தாளிகளுக்கென்று இருந்த இடம், அதனால்தானோ என்னவோ அங்கே வாழையிலைச் சாப்பாடு நடிப்பாகத் தெரிவதில்லை.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்களின் பெயர் இருக்கிறது. பட்டியலால் ஓடு மாற்ற முடியாது. விடுதியாக்க வேண்டுமென்றாலும் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பேசுவதே இல்லை. ஆகவே பெரும்பாலான வீடுகளுக்குப் பூட்டு. கல்யாணத்துக்கும், முன்னோருக்கான படைப்புக்கும் திறப்பார்கள்.

படைப்புக்கு வந்த ஓர் ஆச்சி ராத்திரிக்கு லாட்ஜில் அறை போட்டிருந்தார். இவ்வளவு பெரிய வீடு இருக்கும்போது ஏன் என்று கேட்டேன்.

“படுக்க இடத்துக்கு என்ன குறை? நூறு பேர் படுக்கலாம். காலையில அத்தனை பேருக்கும் கக்கூசுக்கு எங்க போறது, தம்பி?”